செஞ்சிக்கு ஒரு பெயர் போதுமா?

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் திருவண்ணாமலைச் சாலை பழகிய சாலை. ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் என ஒவ்வோர் ஊராகக் கடந்து, முழுநிலா இரவில் மலைவலம் வந்து, மறுநாளே திரும்பி வேலைக்குச் செல்வோர் நம்முள் பலர். விடுமுறை நாள் ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் அங்கிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்கும் போய் வருகின்றோம். அந்தச் சாலையில், அண்ணாமலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றதும், உருண்டைப் பாறைகளை அள்ளிக் குவித்தாற்போன்ற குன்றுகள் எழும். அவற்றின் முதுகில் மதில் ஒன்று ஏறி இறங்கிச் செல்லும். நாம் போகும் சாலையே அந்தக் கோட்டையை ஊடறுத்துக்கொண்டு போகும். அதுதான் செஞ்சி. பேருந்தில் உறங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பி, "அதோ பார், கோட்டை" என்று காட்டிய தாய் தந்தையர் நம்முள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அத்தகைய நமக்குத் திடீரென்று செஞ்சியின்மேல் பற்றுப் பொங்கியது. 2025 ஜூலை 11ஆம் நாள், பாரிசில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, இந்தியாவின் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது செஞ்சி. தொகுப்புக்கு இடப்பட்ட பெயர் 'இந்தியாவின் மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகள்' என்பது. செய்தி வந்த நாள்முதல் நம் நண்பர் வட்டங்களில் இரண்டு குரல்களைக் கேட்டு வருகின்றோம். "பெருமை வந்து சேர்ந்ததே, பெயர் எதுவானால் என்ன?" என்பது ஒரு குரல். "தமிழன் கட்டிய கோட்டையை மராட்டியனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்பது மற்றொரு குரல். முன்னதைச் சொல்வோர் அமைதியானவர். பின்னதைச் சொல்வோர் சினம் மிக்கவர். இருவரோடும் நமக்கு உடன்பாடில்லை.

முதலில் அமைதியானவரைப் பார்ப்போம். பெயர் எதுவானால் என்ன என்று கேட்கின்றவர், பெயரே வாயில் என்பதை மறந்துவிடுகின்றார். ஒரு நூலைத் திறக்கும் மாணவன், ஓர் இடத்துக்கு முதன்முதல் வரும் பயணி, பெயரின் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றான். 'மராட்டியக் கோட்டை' என்று கேள்விப்பட்டு வருபவன் மராட்டியரைத் தேடுவான். மற்றவையெல்லாம் அவன் கண்ணுக்கு அவர்களுக்கு முன் இருந்த வாடகைக் குடிகளும் பின் வந்த வாடகைக் குடிகளுமாகவே தோன்றும். செஞ்சி மராட்டியர் கையில் இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 ஆண்டுகள். இரண்டு பத்தாண்டுகளும் ஓராண்டும் பல நூற்றாண்டுகளை விழுங்கிவிடுவதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பது பெருந்தன்மையன்று. அது சோம்பல்.

அந்தப் பல நூற்றாண்டுகள் யாவை? செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்றொரு பாறை உண்டு. தீர்த்தங்கரர் இருபத்து நால்வரும் அதில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றனர். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவைத் தமிழில் பொறித்த பழங்கல்வெட்டு அங்கே இருக்கிறது. தமிழ்ச் சமணரின் மடம் மேல்சித்தாமூரில் இன்றும் இருக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி முதன்முதல் கோயில் குடைந்ததாக மகேந்திர பல்லவன் பெருமிதம் கொண்ட மண்டகப்பட்டும் அந்த வட்டாரத்ததே. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய விக்கிரமசோழன் உலாவில் செஞ்சிக்குரிய காடவர் தலைவன் இடம்பெறுகின்றான். கோட்டையென்று ஒன்று எழுவதற்கு முன்பே அந்த நிலம் இவ்வளவு பேசியிருக்கிறது.

கோட்டையின் தொடக்கத்தைச் செவிவழி மரபு கோனார் குலத்தவரிடம் சேர்க்கிறது. ஆனந்தக் கோன் என்பார் 1200ஆம் ஆண்டை ஒட்டி ராஜகிரியில் அரண் அமைத்தார் என்றும், அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் வடக்குக் குன்றை வலுப்படுத்தித் தம் பெயரிட்டார் என்றும் அம்மரபு கூறும். இதை நமக்குக் காத்துத் தந்தவர் யார் தெரியுமா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்னும் நூலைத் தமிழ் உரைநடையிலே எழுதிய நாராயணன் என்பார். தமிழ் உரைநடை இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு வட்டாரத்தின் வரலாற்றை ஆள்வோர் வரிசையும் போர் விவரமுமாக எழுதத் துணிந்த அந்த மனிதரை நாம் எவ்வளவு கொண்டாடியிருக்க வேண்டும்! அவர் பெயரைச் சொன்னால் நம் கூட்டங்களில் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அதன்பின் விசயநகரப் பேரரசின் சார்பில் செஞ்சி நாயக்கர்கள் வந்தனர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தஞ்சைக்கும் மதுரைக்கும் ஈடாக மூன்றாவது நாயக்கர் அரசாகச் செஞ்சி விளங்கியது. இன்று நாம் காணும் மதிலின் பெரும்பகுதிக்கும், நெற்களஞ்சியங்களுக்கும், கூம்பு முடியோடு அடுக்கடுக்காக எழும் கல்யாண மகாலுக்கும், அடிவாரத்து வேங்கடரமணர் கோயிலுக்கும் அடிப்படை அவர்கள் காலத்ததே. மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் 13 கிலோமீட்டர். ராஜகிரியின் உச்சி ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். அங்கே ஏறுகின்றவர் வாயில்மேல் வாயிலாகக் கடந்து, மூச்சு வாங்கி, 'முடிந்தது' என்று நினைக்கும் இடத்தில் பாறை பிளந்து ஒரு பள்ளம் கிடக்கும். அதன்மேல் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிலரே நின்று ஒரு படையைத் தடுக்கலாம். மலையுச்சியிலும் வற்றாச் சுனை உண்டு. அரண் என்பது மதில் மட்டுமன்று, நீரும் நெல்லும் சேர்ந்ததே அரண் என்பதை அறிந்தவர் கட்டிய கோட்டை அது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமென்டா, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகலில் இதற்கு இணையான நகரில்லை என்று வியந்து எழுதினார்.

இத்தனை வலிமை ஏன் அங்கே வேண்டியிருந்தது? விடை நாம் போகும் சாலையிலேயே இருக்கிறது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கீழே இறங்கிக் கடற்கரைச் சமவெளியை அடைவதற்கு இயற்கை விட்டுவைத்த வழிகள் சில. அவற்றுள் ஒன்று செங்கம் கணவாய். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் கூத்தர்களை நன்னனிடம் வழிப்படுத்திய நாடு அதுவே. கூத்தர் சென்ற வழியில் பிற்காலத்தில் படைகள் சென்றன. கணவாயைத் தாண்டி இறங்கும் எவரும் கடற்கரைக்குப் போகுமுன் செஞ்சியின் கண்ணில் படாமல் போக முடியாது. மேட்டுநிலத்துக்கும் சமவெளிக்கும் இடையிலான எல்லைக் காவல் அது. பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு உல்லாசமாகப் போய் வரும் நாம், அந்தப் படைவழியின் மேல்தான் முறுக்கும் தட்டையும் தின்றுகொண்டு போகின்றோம்.

இனி, சினம் கொண்டவரைப் பார்ப்போம். அவர் சினத்தில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. அதை முன்னரே சொல்லிவிட்டோம். ஆனால் அவர் கேட்பது என்ன? மராட்டியன் என்ற சொல்லை அழித்துவிட்டு அவ்விடத்தில் தமிழன் என்று எழுதச் சொல்கின்றார். ஒரு பெயர் போதாது என்பதன்று அவர் வழக்கு. அந்த ஒரு பெயர் தம்முடையதாக இருக்க வேண்டும் என்பதே. இதை நாம் ஏற்பதற்கில்லை. ஏற்றால் செஞ்சியின் வரலாற்றில் பாதிக்கு மேல் அடித்துத் தள்ள வேண்டியிருக்கும்.

மராட்டியரையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் வானத்திலிருந்து செஞ்சியில் குதித்தவர்களா? இல்லை, நாம் வாழும் இந்தப் பெங்களூரிலிருந்து வந்தவர்கள். 1537இல் கெம்பே கௌடர் எழுப்பிய இந்நகரை 1638இல் ரணதுல்லாகான் தலைமையில் பீஜப்பூர்ப் படை கைப்பற்றியது. கைப்பற்றிய நகரம் படைத்தலைவர் சாகாஜி போன்சுலேயிடம் ஜாகீராக ஒப்படைக்கப்பட்டது. சிவாஜியின் தந்தை அவர். பத்தாண்டு கழித்து, 1648இல், செஞ்சி முற்றுகைப் பாசறையில் தம் சொந்தப் படைத்தலைமையாலேயே ஐயத்தின்பேரில் சிறைப்பிடிக்கப்பட்டவரும் அவரே. அடுத்த ஆண்டு செஞ்சி பீஜப்பூரிடம் வீழ்ந்து பாதுஷாபாத் என்று பெயர் மாறியது. சாகாஜி 1664இல் கர்நாடகத்து ஹொதிகெரெ அருகே இறந்தார். அவர் கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. அவர் மகன் ஏகோஜி பெங்களூரிலிருந்து புறப்பட்டுத்தான் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவினார். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் தமிழ்ச் சுவடிகளைப் பேணிய மரபினர் அவர் வழியினரே. அவர்களை அயலார் என்று தள்ளிவிட நமக்கு மனம் வருமா?

1677இல் சிவாஜி செஞ்சியைப் பீஜப்பூரிடமிருந்து வென்றார். வென்றதோடு நில்லாமல் அரண்களைத் திருத்திப் பெருக்கினார். ஏன்? தம் நாட்டை வடக்கே முகலாயர் நெருக்கினால் ஒதுங்குவதற்குத் தெற்கே ஓர் இடம் வேண்டும் என்ற முன்னறிவே காரணம் எனக் கொள்ளலாம். அவர் இறந்த ஒன்பதே ஆண்டுகளில் அந்த நாள் வந்தது. அவர் இளைய மகன் ராஜாராம், தலைநகர் ராய்கட் முகலாயரால் முற்றுகையிடப்பட்டபோது, மாறுவேடத்தில் தெற்கு நோக்கி ஓடிவந்தார். வழியில் கெளதியின் அரசி சென்னம்மா, ஔரங்கசீப்பின் சினத்தைப் பொருட்படுத்தாமல் அவருக்கு அடைக்கலம் தந்தார். பெங்களூரிலே ஐயத்துக்கு உள்ளாகி, தோழர் சிலரைப் பின்னே விட்டு அவர் தப்பினார் என்று மராட்டிய வரலாறுகள் கூறும். 1689ஆம் ஆண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். அதன்பின் மராட்டிய அரசின் தலைமையிடம் செஞ்சி. சுல்பிகர்கான் தலைமையில் முகலாயப் படை 1690 முதல் 1698 வரை அதைச் சுற்றிக் கிடந்தது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் ஏற்கெனவே வெளியேறியிருந்தார். ஒரு பேரரசின் படையை எட்டாண்டு கட்டிப்போட்ட அந்தக் கதையில் மராட்டியருக்குப் பங்கில்லை என்று சொல்வது எப்படி? கன்னட அரசிக்குப் பங்கில்லை என்று சொல்வது எப்படி? எட்டாண்டு முற்றுகையில் சுற்றுப்புறத்து வயல்களிலிருந்து இரு படைக்கும் நெல் போனதே, அந்த உழவருக்குப் பங்கில்லை என்று சொல்வது எப்படி?

யுனெஸ்கோவின் பட்டியலுக்காக வாதாடுவோர் ஒன்று சொல்வார்கள்: தொகுப்பு என்றால் அதற்கு ஒரு பொருள் வேண்டும், மராட்டியப் படைத்துறை என்னும் பொருளில் தொகுத்ததால்தான் செஞ்சி உள்ளே வந்தது, தனியே நின்றால் வந்திருக்குமா? இந்த வாதத்தில் உண்மை உண்டு. பட்டியலில் இடம்பெற்றதால் கோட்டைக்குக் காவலும் கவனமும் கூடும் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. அதற்காக உழைத்தவர்களைக் குறைகூறவும் மாட்டோம்; தம் முன்னோரைப் போற்ற அவர்கள் ஏடு ஏடாக எழுதினார்கள், கோப்புக் கட்டினார்கள், உலக அரங்கில் எடுத்துரைத்தார்கள். நாம் என்ன செய்தோம்? 1921இலேயே தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோட்டை அது. அதைப் பற்றிப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதிய விரிவான ஆய்வு நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது, அதுவும் ஆங்கிலத்தில். இன்று சினம் கொள்வோருள் எத்தனை பேர் அதைப் புரட்டியிருக்கின்றனர்? சுற்றுலா போன நம் பிள்ளைகள் கல்யாண மகாலின் சுவரில் ஆணியால் தம் பெயரையும் காதலியின் பெயரையும் கீறிவிட்டு வந்தபோது நாம் கண்டித்தோமா? ஒரு பெயரை வைத்து இவ்வளவு சண்டையிடும் நாம், அந்தப் பெயர்களைக் கீறவிட்டுச் சும்மா இருந்தோம்.

சினம் கொண்டவரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். செஞ்சி என்றதும் உங்கள் நாவில் வருகின்ற முதற்பெயர் எது? ஆனந்தக் கோனா, கிருஷ்ணப்ப நாயக்கரா? ஐயமே வேண்டாம், தேசிங்கு ராஜன்தான். பாட்டிமார் சொன்ன கதை அவனுடையது, ஊர்ச் சாவடிகளில் விடிய விடியப் பாடியதும் அவன் கதையே, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்துத் திரைப்படமாக வந்ததும் அதுவே. பாராசாரி என்ற அவன் குதிரையின் பெயர்கூட நமக்குத் தெரியும். அந்தத் தேசிங்கு யார்? தேஜ்சிங் என்னும் இயற்பெயருடைய புந்தேல ராஜபுத்திரன். அவன் தந்தை சொரூப்சிங் முகலாயரின் அலுவலராகச் செஞ்சிக்கு வந்தவர். அவர் 1714இல் இறந்ததும், மகன் ஆர்க்காட்டு நவாபு சதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். அதே ஆண்டு அக்டோபரில் சிறுபடையோடு எதிர்த்துச் சென்று போர்க்களத்தில் மாண்டான். வயது இருபத்திரண்டு என்பர். ஆண்டது மாதக்கணக்கு. அவனோடு நின்று மடிந்த தோழன் ஒரு முகமதியன்; கதைப்பாடலில் மோவுத்துக்காரன் என்று பாடப்படுகின்ற மகமத்கான்.

எங்கோ வடக்கே புந்தேல்கண்டத்துக் குடியில் பிறந்த ஓர் இளைஞனை, அவன் தாய்மொழி எது என்று கேளாமல், எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கின்றான் என்று கணக்குப் பார்க்காமல், இந்த மண்ணுக்காக மாண்டான் என்ற ஒன்றையே கண்டு, தம் வீரனாக ஏற்றுக்கொண்டது யார்? எழுத்தறியாத நம் நாட்டுப்புறத் தமிழர்கள். கற்றறிந்த நாம் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டிய நிலையில் இருக்கின்றோம். (அவன் உடலோடு தீயில் இறங்கிய இளம் மனைவியின் சாவை மட்டும் அந்தப் பாடல்போல் போற்றிப் பாட நமக்கு உவப்பில்லை. அவள் நினைவாக எழுந்ததே இராணிப்பேட்டை என்று சொல்வர். ஒரு பெண்ணை எரித்ததன் நினைவு ஓர் ஊருக்குப் பெயராக நிற்பதில் பெருமைப்பட ஏதுமில்லை.)

அவனை வென்ற நவாபின் பெயரால் கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அதற்கப்பால் வேங்கடரமணர் கோயில். ராஜகிரிக்கு ஏறும் வழியில் கமலக்கண்ணி அம்மன். உச்சியில் அரங்கநாதர். ஆட்சிகள் மாறி மாறி வந்தபோதும் அந்த அம்மனுக்குத் திருவிழா எடுக்கும் சுற்றுவட்டத்து மக்கள் மாறவில்லை. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புசி ஓர் இரவுத் தாக்குதலில் கோட்டையைப் பிடித்தார். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபின் அது ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1780இல் ஐதர் அலியின் படை அதே செங்கம் கணவாய் வழியே இறங்கிவந்து அவ்வாண்டே செஞ்சியையும் கைக்கொண்டது. முகலாயர் நுஸ்ரத்கட் என்றனர். ஆங்கிலேயர் ஜிஞ்சி என்றனர். கிழக்கின் டிராய் என்றும் புகழ்ந்தனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் கல்தூண்களின் கீழ் நின்று நாம் படம் பிடித்துக்கொள்கின்றோம் அல்லவா? அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை. மனிதர் மட்டுமன்று, கல்லும் குடிபெயர்ந்திருக்கிறது.

இவ்வளவையும் பெங்களூரில் இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு மண்ணுக்கு ஒரே பெயர்தான் என்னும் வாதத்தின் சூட்டை நாம் ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர். அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடியே நின்றதை நாம் நாள்தோறும் கடந்து போனோம். 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அந்த இரு நாள்களின் மகிழ்ச்சி நினைவிருக்கிறதா? 'இந்நகரின் வரலாற்றில் எங்களுக்கும் ஓர் இடம் உண்டு' என்பதுதானே அன்று நாம் கேட்டது? டொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைக் காட்டி, தண்டு உருவான 1809க்குப் பின் வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் ஆர்க்காட்டிலிருந்தும் வந்து கல் சுமந்தவர், கடை வைத்தவர், படைக்கு உணவு சமைத்தவர் எல்லாம் நம் பாட்டன் பூட்டன்மாரே என்று சொல்லி, 'இந்த நகரம் கெம்பே கௌடருடையது. எங்களுடையதும்தான்' என்று பணிவோடு வழக்குரைக்கின்றோம். உரைக்க வேண்டியதுதான். ஆனால் இங்கே பலருக்கும் பங்கு கேட்கும் நாம், செஞ்சிக்குப் போனதும் தனியுரிமை கேட்டால், நம் இரண்டு வழக்கும் தோற்கும். அயல்மொழி அண்டை வீட்டார் நம்மைப் பார்த்து, "உங்கள் ஊரில் ஒரு நியாயம், எங்கள் ஊரில் ஒரு நியாயமா?" என்று கேட்டால் என்ன விடை வைத்திருக்கின்றோம்?

"தலைப்பில் எல்லாப் பெயரையும் எழுத முடியுமா?" என்று கேட்கலாம். தலைப்பு யுனெஸ்கோவின் ஏட்டில் இருக்கட்டும். அது ஒரு தொகுப்பின் தலைப்பு, செஞ்சியின் பெயரன்று. செஞ்சிக்குச் செஞ்சி என்ற பெயரே போதும். நாம் கேட்பது வேறு. பாடநூலில் செஞ்சி வரும் இடத்திலும், வழிகாட்டி நூலிலும், கோட்டை வாயிலில் நிற்கும் பலகையிலும், கோனார் முதல் கும்பினி வரை ஆண்டவர் வரிசை முழுதும் வர வேண்டும். அதில் மராட்டியரின் 21 ஆண்டுகள் குறைக்கப்படாமலும் கூட்டப்படாமலும் இருக்க வேண்டும். அரசர் பெயரோடு கல் உடைத்த ஒட்டரும் தச்சரும் கொல்லரும் ஆட்டுமந்தைக்காரரும் ஒரு வரியேனும் பெற வேண்டும். இதை மகாராட்டிரத்தவர் வந்து எழுதித் தரமாட்டார்கள். தில்லியிலிருந்தும் வராது. விழுப்புரம் மாவட்டத்து ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் செய்து வருவதற்குத் துணை நிற்க வேண்டியவர்கள், ஊரைவிட்டு வெளியேறி ஓரளவு வசதியோடு வாழும் நம்மைப் போன்றோரே.

நம் சங்கத்தார்முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஆண்டுதோறும் நாம் போகும் இன்பச் சுற்றுலாவில் ஒரு முறையேனும் செஞ்சி இடம்பெற வேண்டும். கோயில் பார்த்துத் திரும்பும் வழியில் அரைமணி நேரம் இறங்கிப் பார்ப்பதாக அன்று, ஒரு பகல் முழுதும். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். முதல்நாள் மாலையே போய்த் தங்கிவிட்டால், வெயில் ஏறுமுன் ராஜகிரியில் ஏறிவிடலாம். முதியோர் கல்யாண மகாலின் நிழலிலும் ஆனைக்குளக் கரையிலும் இருந்து பார்க்கலாம். குடிநீரைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். குரங்குகள் நம்மைவிடச் சுறுசுறுப்பானவை, உணவுப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாகாது. அடுத்ததாக, நாராயணனின் சரித்திரத்தில் செஞ்சி பற்றிய பகுதியை அருஞ்சொல் விளக்கத்தோடு சிறு நூலாக்கி நம் பிள்ளைகள் கையில் தர வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் தமிழைப் பேச அறிந்து படிக்கத் திணறுவோர் மிகுதி; அவர்களுக்காகப் பெரிய எழுத்தில் அச்சிடுவது நலம்.

மூன்றாவது வேண்டுகோள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ராஜாராமுக்கு அடைக்கலம் தந்த கெளதிச் சென்னம்மாவின் கதையையும், பெங்களூரிலிருந்து செஞ்சிக்கும் தஞ்சைக்கும் சென்றவர்களின் கதையையும் கன்னடத்தில் ஒரு கட்டுரையாக எழுதி, இம்மலரிலேயே கன்னட எழுத்தில் அச்சிட வேண்டும். நம் இல்லங்களில் பள்ளியில் கன்னடத்தை முதன்மொழியாகப் படித்துத் தேர்ந்த பெண்களும் பிள்ளைகளும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் எழுதினால் போதும். அண்டை வீட்டுக் கன்னடப் பெரியவர் கையில் இம்மலரைக் கொடுக்கும்போது, படம் பார்த்துவிட்டுத் திருப்பித் தராமல், அவர் படிக்கவும் இரண்டு பக்கம் இருக்கும்.

செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து முன்னோர் வந்த குடும்பங்கள் நம் உறுப்பினருள் பல உண்டு. கோட்டையைப் பற்றி வீட்டில் வழங்கிய கதை, தேசிங்கு பாடலில் பாட்டி பாடிய அடி, கமலக்கண்ணி திருவிழாவுக்குப் போய்வந்த நினைவு, பழைய ஒளிப்படம் என எது இருந்தாலும், முதியோர் நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிச் சங்க நூலகத்தில் சேர்ப்பிக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். எழுத இயலாதவர் சொன்னால், எழுதிக்கொள்ள நாம் வீடு தேடி வருவோம்.